வளர்ப்பு ஆர்கிட்களின் மரபுப் பன்மையை டிஎன்ஏ குறிப்பான்களால் அளப்பது: எதை நம்பலாம், எங்கே ஏமாறுவோம்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கையில் அறுபது சொச்சம் வளர்ப்பு ஆர்கிட்கள். பாதி ஃபெலனாப்சிஸ், மீதி டென்ட்ரோபியமும் வாண்டாவும். பல தொட்டிகளில் பெயர்ச்சீட்டே இல்லை. இவற்றுக்குள் எவ்வளவு மரபுப் பன்மை இருக்கிறது என்று டிஎன்ஏ குறிப்பான்களை (செடிக்குச் செடி மாறும் டிஎன்ஏ அடையாளங்களை) வைத்துப் பார்க்க வேண்டும். ஆர்ஏபிடி என்ற குறிப்பான் முறை போதுமா, எஸ்எஸ்ஆர் என்ற முறை வேண்டுமா, எத்தனை பிரைமர் (நகலெடுக்க வேண்டிய டிஎன்ஏவில் போய் ஒட்டும் சின்னத் துண்டு) எடுக்கலாம்?

நேரடியான பதில் இது: மூன்று பேரினங்களையும் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வசதி இருந்தால் எஸ்எஸ்ஆர் செய்யுங்கள், பேரினத்துக்கு டிஎன்ஏவில் பத்துப் பன்னிரண்டு நல்ல இடங்கள் போதும். முடியாவிட்டால் ஐஎஸ்எஸ்ஆர் (இந்த முறைகளைக் கீழே விளக்குகிறேன்). ஆர்ஏபிடியை இனிமேல் புதிதாகத் தொடங்க வேண்டாம்.

குறிப்பானைத் தேர்ந்தெடுப்பது இந்த வேலையில் சுலபமான பகுதி. தப்பு நடப்பது அதற்கு முன்னும் பின்னும்: செடிகள் எப்படி உருவானவை என்று யோசிக்காமல் மாதிரி எடுக்கும்போதும், கடைசியில் வரும் எண்ணுக்குப் பொருள் சொல்லும்போதும். அதனால் அந்த இரண்டைப் பற்றித்தான் நிறைய எழுதப்போகிறேன்.

நாம் வளர்க்கும் ஆர்கிட்கள் காட்டுக் கூட்டம் கிடையாது. மனிதன் கைபட உருவான முதல் ஆர்கிட் கலப்பினம், ஜான் டொமினி உருவாக்கிய காலந்தே டொமினி, 1856-இல் இங்கிலாந்தில் பூத்தது. 1922-இல் லூயிஸ் நட்சன் பூஞ்சையின் துணை இல்லாமலேயே சர்க்கரை கலந்த ஊடகத்தில் ஆர்கிட் விதைகளை முளைக்க வைத்தார். ஒரே காயிலிருந்து ஆயிரக்கணக்கில் நாற்று எடுக்க அது வழி திறந்தது. 1960-இல் ஜார்ஜ் மொரெல் சிம்பிடியத்தின் நுனித் திசுவை வளர்த்துக் காட்டியதும் ஒரே செடியை ஆயிரக்கணக்கில் நகலெடுப்பதும் சாத்தியமானது. 1961 முதல் கலப்பினப் பெயர்களை இங்கிலாந்தின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி பதிவு செய்துவருகிறது. இன்று அந்தப் பதிவேட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கலப்பினங்கள் இருக்கின்றன.

இதில் உங்களுக்கு முக்கியமான விஷயம், அந்தப் பதிவேடு பெயர் கொடுப்பது தனிச்செடிக்கு இல்லை என்பது. ஒரே இரண்டு பெற்றோரிலிருந்து எப்போது, எங்கே, யார் கலந்து எடுத்தாலும் அந்த நாற்றுகள் எல்லாமே ஒரே ‘கிரெக்ஸ்’. கிட்டத்தட்ட குடும்பப் பெயர் மாதிரி. அதற்குள் ஒன்றுக்கொன்று சாயலே இல்லாத அக்கா தங்கைகள் இருப்பார்கள். அவர்களில் பரிசு வாங்கிய ஒரு செடியைத் திசு வளர்ப்பில் பெருக்கினால் அவை மெரிக்குளோன்கள். கிரெக்ஸ் பெயருக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் குறிக்குள் இன்னொரு பெயர் இருந்தால் அது ஒரு குறிப்பிட்ட செடியையும் அதன் நகல்களையும் மட்டும் சுட்டுகிறது. ஆகவே சீட்டில் ஒரே பெயர் இருக்கும் இரண்டு தொட்டிகள் டிஎன்ஏ அளவில் வேறுபடலாம். பெயரே இல்லாத, வெவ்வேறு இடத்தில் வாங்கிய இரண்டு தொட்டிகள் அச்சு அசலாக ஒன்றாகவும் இருக்கலாம். சந்தைக்கு வரும் ஃபெலனாப்சிஸில் பெரும்பகுதி நகல்தான் என்பதால் இந்த இரண்டாவது நிலை அடிக்கடி வரும்.

இன்னொன்று பூர்வீகம். பெரிய வெள்ளைப்பூ ஃபெலனாப்சிஸ் வகைகளின் வம்சாவளியைத் தோண்டிக்கொண்டே போனால் 1940-இல் பதிவான ஃபெலனாப்சிஸ் டோரிஸ் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். கடையில் நூறு பெயர் இருந்தாலும் பின்னால் இருக்கும் மூதாதையர் ஒரு சிலர்தான். பூவின் நிறத்தையும் அளவையும் பார்த்துப் பன்மையைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம்.

மாதிரி எடுக்கும் முன் இன்னும் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும்: குரோமோசோம் மடங்கு, அதாவது செல்லில் குரோமோசோம் தொகுதி எத்தனை பிரதி இருக்கிறது என்பது. ஃபெலனாப்சிஸ் சிற்றினங்களில் வழக்கமாக 38 குரோமோசோம், இரண்டு தொகுதி, அதாவது இருமடியம். ஆனால் பெரிய பூ வணிக வகைகளில் ஏராளமானவை 76 கொண்ட நான்மடியங்கள் (மேலே சொன்ன டோரிஸும் அப்படித்தான்). இருமடியச் செடியில் ஒரு எஸ்எஸ்ஆர் இடத்தில் அதிகபட்சம் இரண்டு அல்லீல் (ஒரே இடத்தின் வெவ்வேறு வடிவங்கள்) தெரியும். நான்மடியத்தில் நான்கு வரை வரலாம். அதில் இரண்டு மட்டும் தெரிந்தால் அது 2+2 ஆ, 3+1 ஆ என்று சாதாரணமாகச் சொல்ல முடியாது. பெரும்பாலான கணக்கிடும் மென்பொருள்கள் எல்லாச் செடியும் இருமடியம் என்று வைத்துக்கொண்டே ஓடும். இது தெரியாமல் தரவை உள்ளே போட்டால் அழகான அட்டவணை வரும், எல்லாமே தப்பாக இருக்கும். ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்லில் இருக்கும் டிஎன்ஏவின் அளவை அளக்கும் முறை) செய்யும் இடத்தில் இளம் இலைத் துண்டைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். ஆர்கிட் திசுக்களில் செல் பிரியாமலேயே டிஎன்ஏ பெருகும் பழக்கம் உண்டு, அதனால் வரைபடத்தில் பல முகடுகள் வரும். பதற வேண்டாம். திசு எவ்வளவு இளசோ அவ்வளவு தெளிவாக முதல் முகடு தெரியும். மடங்கு தெரிந்த ஒரு செடியைப் பக்கத்தில் வைத்து அதோடு ஒப்பிடுங்கள்.

சரி, இப்போது குறிப்பான்கள்.

1990-இல் வந்த ஆர்ஏபிடி, பத்து எழுத்து நீளமுள்ள ஒரு சின்ன பிரைமரைக் குறைந்த வெப்பத்தில் எங்கெல்லாம் ஒட்டுமோ அங்கெல்லாம் ஒட்டவிட்டு, பெருகிய துண்டுகள் ஜெல்லில் நீளவாரியாகப் பிரிந்து நிற்கும் பட்டைகளை எண்ணும் முறை. முன்கூட்டியே செடியின் டிஎன்ஏ வரிசை எதுவும் தெரிய வேண்டாம் என்பதால் ஆர்கிட் ஆட்களுக்கு அது பெரிய வரமாக இருந்தது. ஆனால் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கும்) கருவியை மாற்றினால் பட்டை மாறும், நொதியின் தயாரிப்பை மாற்றினால் மாறும், டிஎன்ஏ கொஞ்சம் சிதைந்திருந்தாலும் மாறும். போதாக்குறைக்கு அந்தப் பிரைமருக்கு ஆர்கிட், பூஞ்சை என்ற பேதம் கிடையாது. ஆர்கிட் வேரில் பூஞ்சை குடியிருப்பது இயல்பு. வேரிலிருந்து டிஎன்ஏ எடுத்து ஆர்ஏபிடி செய்தவர்கள் எத்தனை பூஞ்சைப் பட்டைகளைச் செடியின் கணக்கில் எழுதியிருப்பார்களோ!

ஐஎஸ்எஸ்ஆர் அதைவிட நீளமான பிரைமர், கூடுதல் வெப்பம். அதனால் கொஞ்சம் நம்பகமானது. 2009-இல் வந்த ஸ்காட் முறையும் இதே வசதியைக் கொடுக்கிறது, சாதாரண அகரோஸ் ஜெல் போதும். ஏஎஃப்எல்பி நல்ல முறைதான், ஆனால் அதற்கு வேலையும் அதிகம், தரமான டிஎன்ஏவும் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: பட்டை இருக்கிறது அல்லது இல்லை என்றுதான் சொல்லும். அந்த அல்லீல் ஒரு பிரதியா, இரண்டு பிரதியா என்று சொல்லாது. கலப்பினமா, பெற்றோர் யார் என்ற கேள்விக்கு அதுதான் தேவைப்படும்.

எஸ்எஸ்ஆர் அதைச் சொல்லும். ஏஜிஏஜிஏஜி என்று திரும்பத் திரும்ப வரும் குட்டித் துண்டுகள் செடிக்குச் செடி நீளத்தில் மாறுபடும். தாயிடமிருந்து வந்த நீளமும் தந்தையிடமிருந்து வந்த நீளமும் தனித்தனியாகத் தெரியும். ஆனால் அகரோஸ் ஜெல்லில் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். இரண்டு எழுத்து வித்தியாசத்தை அதில் பிரிக்க முடியாது. ஒளிரும் சாயம் ஒட்டிய பிரைமரோடு கேப்பில்லரி கருவியில் (மெல்லிய குழாயில் துண்டுகளை நீளவாரியாகத் துல்லியமாகப் பிரிப்பது) ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே இரண்டு மூன்று செடிகளை ஒப்பீட்டுக்காக வைக்க வேண்டும். இல்லையென்றால் போன மாதத்து 152 எழுத்து நீளமும் இந்த மாதத்து 153-உம் ஒன்றா வேறா என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

2015-இல் ஃபெலனாப்சிஸ் ஈக்வெஸ்ட்ரிஸின் முழு மரபணுத் தொகுப்பு வெளியானது, அடுத்த ஆண்டே டென்ட்ரோபியம் கேட்டினேட்டத்தினுடையதும் வந்தது. ஆகவே இந்த இரண்டு பேரினங்களுக்கும் பிரைமருக்குப் பஞ்சமில்லை. வாண்டா, ஃபெலனாப்சிஸின் துணைக்குலத்தைச் சேர்ந்தது என்பதால் சில பிரைமர்கள் அங்கேயும் வேலை செய்யும். மரபணுக்களின் உள்ளேயே இருக்கும் எஸ்எஸ்ஆர்கள் இப்படிப் பேரினம் தாண்டி வேலை செய்ய வாய்ப்பு அதிகம், ஆனால் அவற்றில் வேறுபாடு குறைவாக இருக்கும். எதையும் முதலில் ஐந்தாறு செடிகளில் ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

எஸ்என்பி, அதாவது ஒற்றை எழுத்து மாற்றங்களை வரிசையிடல் மூலம் ஆயிரக்கணக்கில் எடுப்பது, இன்று பெரிய ஆய்வுகளின் வழி. அறுபது செடிக்கு அது அவசியமில்லை. நான்மடியங்களில் அல்லீல் எத்தனை பிரதி என்று எஸ்என்பியால் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொரு இடத்தையும் இருமடியத்தைவிடப் பல மடங்கு ஆழமாக வரிசையிட வேண்டும். செலவு அங்கேதான் எகிறும்.

டிஎன்ஏ எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆர்கிட்டில் பாதிப் பேர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். முற்றிய தடித்த இலையை எடுத்தால் குழாயின் அடியில் கோழை மாதிரி ஒன்று வந்து நிற்கும். அது டிஎன்ஏ இல்லை, பெரும்பாலும் பல்சர்க்கரை. பழுப்பு நிறம் ஏறியிருந்தால் ஃபீனால்கள் ஆக்சிஜனேற்றம் ஆகிவிட்டன என்று பொருள். அப்போதுதான் விரியும் இலை அல்லது பூ மொட்டின் இதழ் எடுங்கள். டிஎன்ஏ பிரித்தெடுக்கும் சிடிஏபி முறையில், ஃபீனால்களைச் சமாளிக்கும் பிவிபியும் மெர்காப்டோஎத்தனாலும் சேர்த்து, கடைசிப் படிவில் உப்பைக் கூட்டினால் பல்சர்க்கரை பெரும்பாலும் கரைசலிலேயே தங்கிவிடும். சிலிக்கா ஜெல்லில் உலர்த்துவதாக இருந்தால் இலையை மெல்லிசாகக் கீறிப் போடுங்கள். முழுத்துண்டாகப் போட்டால் உலர்வதற்குள் உள்ளே கெட்டுவிடும். டிஎன்ஏவின் தூய்மையைக் காட்டும் 260/280 ஒளி உறிஞ்சல் விகிதம் 1.8 வந்ததும் சந்தோஷப்படாமல் 260/230-ஐயும் பாருங்கள். அது மிகவும் குறைந்திருந்தால் பிசிஆர் படுத்துவிடும். அப்படி ஆனால் உடனே மறுபடி எடுக்காமல் டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து ஓட்டிப் பாருங்கள். தடுக்கும் பொருளும் கூடவே நீர்த்துவிடுவதால் பல நேரம் பட்டை பளிச்சென்று வரும்.

இப்போது எத்தனை குறிப்பான் என்ற கேள்வி. இதற்கு ஒரு சின்னக் கணக்கு போடலாம். ஒரு எஸ்எஸ்ஆர் இடத்தில் தாய்க்கு ஏ, பி என்று இரண்டு அல்லீல், தந்தைக்கு சி, டி என்று வேறு இரண்டு இருக்கட்டும். பிள்ளைகளுக்கு ஏசி, ஏடி, பிசி, பிடி என்று நான்கே வாய்ப்பு. ஆகவே இரண்டு உடன்பிறப்புகள் அந்த இடத்தில் தற்செயலாக ஒன்றாக இருக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இது மிகச் சாதகமான நிலை. பெற்றோருக்குள் அல்லீல் பொதுவாக இருந்தால் இந்த வாய்ப்பு இன்னும் கூடும். ஒன்றோடொன்று பிணையாத இப்படிப்பட்ட எட்டு இடங்களைப் பார்த்தால் 65,536-இல் ஒன்று. சொந்தமே இல்லாத செடிகளுக்கான கணக்கைப் போட்டால் நான்கைந்து இடமே போதும் என்று வரும், பல கட்டுரைகள் அதைத்தான் போடுகின்றன. ஆனால் உங்கள் தொட்டிகளில் ஒரே கிரெக்ஸின் உடன்பிறப்புகள் இருக்கக்கூடும். அதனால் உடன்பிறப்புக் கணக்கைத்தான் நம்ப வேண்டும். பத்துப் பன்னிரண்டு என்று மேலே சொன்னது இதனால்தான், ஒன்றிரண்டு இடம் சரியாக ஓடாமல் போனாலும் தாங்கும்.

பெற்றோர் யார் என்று பார்ப்பதும் இதே தர்க்கம்தான். ஓர் இருமடியச் செடியில் 152, 164 வருகிறது. சீட்டில் தாய் என்று எழுதியிருக்கும் செடியில் 152, 158. தந்தை என்று எழுதியிருக்கும் செடியில் 160, 170. தாயிடமிருந்து 152 வந்திருக்கலாம். 164 எங்கிருந்து வந்தது? அந்தத் தந்தையிடம் இல்லை. இப்படி ஓர் இடத்தில் மட்டும் ஒத்துவராவிட்டால் திடீர்மாற்றமாக இருக்கலாம், கருவி தவறாகப் படித்திருக்கலாம். அதே செடியில் 152 மட்டும் தெரிந்திருந்தால் இன்னும் கவனம் தேவை: தந்தையிடமிருந்து வந்த அல்லீலில் பிரைமர் ஒட்டும் இடமே மாறிப்போய், அது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். மூன்று நான்கு இடங்களில் ஒத்துவரவில்லை என்றால் சீட்டு பொய். தாய் யார் என்று மட்டும் தெரிய வேண்டுமானால் பசுங்கணிக டிஎன்ஏவைப் பாருங்கள், ஆர்கிட்களில் அது பொதுவாகத் தாய்வழியே வருகிறது.

முடிவுகளைப் படிப்பதற்கு வருவோம். எனக்கு எரிச்சல் வரும் இடம் இது.

‘பட்டைகளில் 96 சதவீதம் வேறுபட்டது, ஆகவே உயர்ந்த மரபுப் பன்மை’ என்கிற மாதிரி வாக்கியத்தை எங்கே பார்த்தாலும் மாதிரிப் பட்டியலைப் புரட்டுங்கள். டென்ட்ரோபியம், வாண்டா, கேட்லியா எல்லாம் ஒரே ஜெல்லில் இருக்கும். இவ்வளவு தூரத்துச் சொந்தங்களை ஒன்றாகப் போட்டால் வேறுபாடு நூறை நெருங்காமல் வேறென்ன ஆகும்? அதைவிட மோசம், தூரத்துப் பேரினங்களில் ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு பட்டைகள் ஒரே டிஎன்ஏ துண்டுதான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தற்செயலாக நீளம் ஒத்துப்போன இரண்டு வேறு துண்டுகளாக இருக்கலாம். பேரினத்தைப் பிரித்துக்கொள்ளச் சொன்னதன் காரணம் இதுதான்.

அடுத்தது, ஒரு குறிப்பான் செடிகளை எவ்வளவு பிரித்துக்காட்டும் என்று சொல்லும் பிஐசி என்ற எண். இரண்டே அல்லீல் கொண்ட குறிப்பானுக்கு இது 0.375-க்கு மேல் போகவே முடியாது. பல அல்லீல் கொண்ட எஸ்எஸ்ஆருக்கு 0.8 கூட வரும். ஆகவே எஸ்என்பியின் 0.3-ஐயும் எஸ்எஸ்ஆரின் 0.7-ஐயும் பக்கத்தில் வைத்து, இந்தத் தொகுப்பைவிட அந்தத் தொகுப்பில் பன்மை அதிகம் என்று எழுதக் கூடாது. அளவுகோலே வேறு.

கலப்பினங்களில் ஒவ்வொரு செடியிலும் இரண்டு வெவ்வேறு அல்லீல் இருக்கும் விகிதம், கணிதம் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக வரும். காட்டுக் கூட்டத்தில் அப்படி வந்தால் உட்கலப்பு இல்லை என்று மகிழ்வோம். இங்கே அது கலப்பினம் என்பதன் அடையாளம், அவ்வளவுதான். ஹார்டி-வெயின்பெர்க் சமநிலைச் சோதனை போட்டு ‘விலகல் உள்ளது’ என்று எழுதுவதிலும் அர்த்தமில்லை. கண்டபடி இணைசேரும் கூட்டம் என்ற அனுமானத்தில் நிற்கும் சோதனை அது, தொட்டிச் செடிகளை இணைசேர்த்தது வளர்ப்பவரின் கை.

அப்புறம், எந்தச் செடி எதற்கு நெருக்கம் என்று காட்டும் அந்தக் கிளைவரைபடம். அதை வரையப் பயன்படும் யூபிஜிஎம்ஏ முறை எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் கிளைபிரிக்கும். கலப்பினத்தின் வரலாறோ வலைப்பின்னல். ஏ சிற்றினத்தையும் பி சிற்றினத்தையும் கலந்து வந்த செடிக்கு இரண்டு பக்கமும் சம உரிமை, ஆனால் வரைபடம் அதை ஏதோ ஒரு பக்கம் தள்ளியே தீரும். எந்தப் பக்கம் என்பது ஒன்றிரண்டு பட்டை வித்தியாசத்தில் மாறிவிடும். முதன்மை ஆயத்தொலைவுப் படம் (ஒத்த செடிகள் அருகருகே புள்ளிகளாக விழும் படம்) போடுங்கள், கலப்பினம் இரண்டு பெற்றோருக்கும் நடுவே வந்து நிற்பது கண்ணுக்கே தெரியும். பட்டை இருக்கிறது, இல்லை வகைத் தரவுக்கு ஜக்கார்டு ஒப்புமையை எடுங்கள். இரண்டு செடியிலும் ஒரு பட்டை இல்லை என்பதை அது ஒற்றுமையாக எண்ணாது. பட்டை இல்லாமல் போக நூறு காரணம் இருக்கலாம்.

நகல்களைக் கண்டுபிடித்ததும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டுப் பன்மையைக் கணக்கிடுங்கள். அறுபது தொட்டியில் எத்தனை உண்மையான தனி மரபுருக்கள் இருக்கின்றன என்ற அந்த ஓர் எண், பின்னால் வரும் எல்லாக் குறியீடுகளையும்விட உங்களுக்குப் பயன்படும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. எஸ்எஸ்ஆரில் ஒன்றாக இருப்பதால் பூவும் ஒன்றாக இருக்கும் என்று சொல்லிவிடாதீர்கள். பன்னிரண்டு இடத்தைப் பார்க்கிறோம், செடியில் இருப்பது நூறு கோடி எழுத்துக்கும் மேல். ஃபெலனாப்சிஸில் கருஞ்சிவப்புத் திட்டுகளோடு வரும் ஹார்லிகுயின் வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். இடம்விட்டு இடம் தாவும் ஒரு டிஎன்ஏ துண்டு, நிறமியை இயக்கும் ஒரே ஒரு மரபணுவுக்கு முன்னால் போய் உட்கார்ந்ததுதான் அந்தத் திட்டுகளுக்குக் காரணம். மூலச் செடியும் இப்படி மாறிய செடியும் எஸ்எஸ்ஆரில் இரட்டையராகவே தெரியும். திசு வளர்ப்பில் நீண்ட நாள் பெருக்கும்போது டிஎன்ஏவின் எழுத்து மாறாமல் அதன் மேல் ஒட்டும் மெத்தில் குறிகள் மட்டும் மாறியும் பூ கோணலாக வரலாம். அதற்கு மெத்தில் குறியை உணரும் நொதிகளை வைத்துச் செய்யும் எம்எஸ்ஏபி போன்ற முறைகள் வேண்டும். புதிய வகைக்கு உரிமை கேட்கும்போது அதிகாரிகள் இன்னமும் செடியை வளர்த்து, பூவை அளந்து பார்ப்பதை விடாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். ஒவ்வொரு தொட்டிக்கும் அழியாத எண். பூக்கும்போது அளவுகோலோடு ஒரு படம். முதலில் ஃபெலனாப்சிஸ் முப்பதை மட்டும் எடுத்து மடங்கு பார்த்து, இருமடியங்களையும் நான்மடியங்களையும் பிரிப்பேன். பிறகு பன்னிரண்டு எஸ்எஸ்ஆர். பெயர் உறுதியாகத் தெரிந்த ஒரு சில செடிகளையும், கிடைத்தால் அமாபிலிஸ், ஈக்வெஸ்ட்ரிஸ் போன்ற சிற்றினங்களையும் கூடவே ஓட்டுவேன். அவை இல்லாமல் ‘இது எதற்கு நெருக்கம்’ என்ற கேள்விக்குப் பதில் வராது. பத்தில் ஒரு செடியை டிஎன்ஏ எடுப்பதிலிருந்தே இரண்டாம் முறை செய்து, எவ்வளவு பிழை வருகிறது என்று எழுதி வைப்பேன். இரண்டு முறைக்கும் இடையே வரும் வித்தியாசம், இரண்டு செடிகளுக்கு இடையே நான் சொல்லும் வித்தியாசத்தைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த இரண்டு செடிகளும் வேறு என்று வாய் திறக்க மாட்டேன். நான்மடியங்களுக்கு அல்லீல் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் குறித்து, அந்தத் தரவை இருமடியக் கணக்கோடு கலக்காமல் தனி அட்டவணையில் வைப்பேன்.

மீதமிருக்கும் டிஎன்ஏவைச் சின்னக் குழாய்களில் பிரித்து உறைநிலையில் வைத்துவிடுங்கள். குழாயின் மூடியில் மட்டும் எண் எழுதாமல் பக்கவாட்டிலும் எழுதுங்கள், மூடி மாறிப்போகும்.